வாடகைக்குக் குடியிருப்போரும் சூறாவளிக் காப்புறுதியும்

காப்புறுதி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவருள் பெரும்பாலோர்க்கு நினைவில் வருவன இரண்டு. ஒன்று ஆயுட் காப்புறுதி. மற்றது வாகனக் காப்புறுதி. சொந்த வீடு உடையோர் சிலர் வீட்டுக் காப்புறுதியைப் பற்றியும் எண்ணுவதுண்டு. ஆனால், பிறருடைய வீட்டில் மாதவாடகை கொடுத்துக் குடியிருக்கும் ஒருவர், தமக்கும் ஒரு காப்புறுதி வேண்டும் என்று எண்ணுவது மிக அரிது. “வீடு என்னுடையதன்று; சூறாவளி வந்து கூரையைப் பிடுங்கினால் அது வீட்டுச் சொந்தக்காரரின் கவலை” என்பதே அவர்கள் சொல்லும் விடை.

இவ்விடையில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். இடமாற்றம் பெற்று மட்டக்களப்பிலோ திருகோணமலையிலோ வீடெடுத்திருக்கும் ஆசிரியர்கள், கொழும்பில் வெள்ளவத்தைப் பகுதித் தொடர்மாடிகளில் வாழும் குடும்பங்கள், பிள்ளைகளின் படிப்புக்காக நகரத்துக்கு வந்து மேல்மாடியொன்றை வாடகைக்குப் பிடித்திருப்போர் ஆகிய அனைவர்க்கும் இது பொருந்தும்.

முதலில் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். ஒரு தாளை எடுத்து, நீங்கள் குடியிருக்கும் வீட்டில் உங்களுக்குச் சொந்தமான பொருள்களை அறை அறையாக எழுதுங்கள். கட்டில்கள், மெத்தைகள், அலுமாரிகள், குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, சலவை இயந்திரம், தையல் இயந்திரம், எரிவாயு அடுப்பு, பாத்திர பண்டங்கள், உடுபுடவைகள், பிள்ளைகளின் புத்தகங்கள், கணினி. ஒவ்வொன்றின் எதிரிலும், இன்று கடையில் அதனைப் புதிதாக வாங்குவதாயின் எவ்வளவு செல்லும் என்பதை எழுதிக் கூட்டிப் பாருங்கள். சாதாரணச் சம்பளக்காரர் ஒருவரின் வீட்டிலும் அத்தொகை பல இலட்சங்களாக இருப்பதைக் காண்பீர்கள். பத்து இருபது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்தமையால் நாம் அதனை ஒரே தொகையாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால், சூறாவளியும் வெள்ளமும் அதனை ஒரே இரவில் அள்ளிச் செல்ல வல்லவை.

இனி, வீட்டுச் சொந்தக்காரரின் காப்புறுதி எதைக் காக்கிறது என்பதைப் பார்ப்போம். அவர் காப்புறுதி செய்திருப்பாராயின், அது சுவர், கூரை, கதவு, சன்னல் ஆகிய கட்டடத்தையே காக்கும். தொடர்மாடியாயின், 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின் வழிவரும் முகாமைக் கூட்டுத்தாபனம் காப்புறுதி செய்வதும் கட்டடத்தையே. உங்கள் அலுமாரியும் அதனுள் உள்ள சேலைகளும் அந்தப் பத்திரங்கள் இரண்டிலும் இல்லை. மழைநீர் புகுந்து அவை அழிந்தால், வீட்டுச் சொந்தக்காரர் அனுதாபம் தெரிவிக்கலாம். நட்டஈடு பெற்றுத்தர இயலாது.

அதுமட்டுமன்று. உங்கள் கவனக்குறைவினால் கட்டடத்துக்குச் சேதம் நேர்ந்ததாயின், சொந்தக்காரருக்கு நட்டஈடு செலுத்திய காப்புறுதி நிறுவனம், அவருடைய இடத்தில் நின்று அத்தொகையை உங்களிடம் கோர உரிமையுடையது. சேதமுற்றவர் தொகையைப் பெற்றபின், சேதம் விளைத்தவரிடம் அவருக்கிருந்த உரிமை காப்புறுதி செய்தவருக்கு மாறுகிறது என்பது காப்புறுதிச் சட்டத்தின் பழைய நெறிகளுள் ஒன்று. ஆகவே, சொந்தக்காரரின் பத்திரம் உங்களுக்குக் குடையாகாது.

அமெரிக்க நாட்டில் இத்தேவைக்கென்றே வாடகைக் குடியிருப்பாளர் காப்புறுதி என்று தனிப் பத்திரம் உண்டு. நம் நாட்டில், வீட்டுக் காப்புறுதியை விற்கும் நிறுவனங்களிடம் சென்று, “கட்டடம் வேண்டாம், வீட்டினுள் இருக்கும் பொருள்களுக்கு மட்டும் வேண்டும்” என்று கேட்க வேண்டும். சொந்தக்காரருக்கென எழுதப்பட்ட பத்திரத்தை அப்படியே வாங்கி, உங்களுக்கு உரிமையில்லாத சுவருக்கும் கூரைக்கும் சேர்த்துப் பணம் கட்டுவது வீண். ஒரு பொருள் அழிந்தால் எவருக்கு இழப்போ, அவரே அதனைக் காப்புறுதி செய்ய உரியவர்.

இனி நமது பேச்சின் மையத்துக்கு வருவோம். சூறாவளி வீசும் நாட்டில் காப்புறுதிப் பத்திரத்தைத் தெரிவு செய்யும்போது கேட்க வேண்டிய முதற் கேள்வி, கட்டணம் எவ்வளவு என்பதன்று. எந்தெந்தக் காரணங்களால் வரும் இழப்புக்கு இப்பத்திரம் பொறுப்பேற்கிறது என்பதே. நாம் பேச்சில் ‘புயல்’ என்று ஒரு சொல்லால் குறிப்பதைக் காப்புறுதிப் பத்திரம் பல துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கும். காற்று ஒன்று, கூரைவழி வரும் மழை ஒன்று, தரைவழி ஏறும் வெள்ளம் ஒன்று, கடல் பெருகி உட்புகுதல் ஒன்று, மண்சரிவு ஒன்று.

இப்பிரிவு வெறும் ஏட்டுப் பிரிவன்று என்பதற்கு நம் நாட்டின் அனுபவமே சான்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். 900க்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. கிழக்கு மாகாணத்தில் ஓடுகளும் தகரங்களும் காகிதம்போற் பறந்தன. தென்னந்தோட்டங்கள் அடியோடு சாய்ந்தன. அங்கே பேரழிவைச் செய்தவற்றுள் முதன்மையானது காற்று. காற்று கூரையைப் பிரித்தது. பிரிந்த கூரைவழியே மழை உள்ளே கொட்டியது.

இனி 2016ஆம் ஆண்டு மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். ரோனு என்று பெயரிடப்பட்ட சூறாவளியாக வளர்ந்த தாழமுக்கம், நாடெங்கும் பெருமழையைப் பொழிந்தது. களனி கங்கை பெருகிற்று. கொலன்னாவை முதலிய தாழ்ந்த பகுதிகளில், கூரையில் ஓர் ஓடும் அசையாத வீடுகளினுள் நீர் மெல்ல மெல்ல ஏறி நின்றது. அங்கே அழிவு செய்தது காற்றன்று; வேறிடத்திற் பெய்த மழையையும் ஆறு சுமந்துவந்து சேர்த்த வெள்ளம். அதே மழையால் அரநாயக்கவில் மலைச்சரிவு இடிந்து விழுந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியிலும் நாடு கண்ட பெருந்துயர், காற்றினும் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் வந்ததே.

ஆகவே, ‘சூறாவளி’ என்ற ஒரு சொல் மட்டும் எழுதப்பட்ட பத்திரத்தை வைத்திருப்பவர் 1978இன் இழப்புக்கு நட்டஈடு பெறலாம். 2016இன் இழப்புக்கு வெறுங்கையுடன் நிற்க நேரலாம். பத்திரத்தில் சூறாவளி, புயற்காற்று, வெள்ளம், மண்சரிவு என்பன தனித்தனியே பெயர் சொல்லி எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். தீக்காப்புறுதியே அடிப்படைப் பத்திரமாக இருந்து, இவை யாவும் மேலதிகக் கட்டணத்துக்குச் சேர்க்கப்படும் துணைப் பிரிவுகளாக இருப்பதும் உண்டு. கடற்கரை ஓரத்தில் இருப்போர், கடல்நீர் உட்புகுதல் பற்றியும் கேட்க வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை, புயலே இல்லாமலும் கடல் வீட்டினுள் வரக்கூடும் என்பதை நமக்குக் காட்டிச் சென்றுள்ளது.

ஒரு தொடர்மாடி வீட்டை வைத்து இவ்வேறுபாட்டை இன்னும் தெளிவாக்கலாம். காற்று வீசிச் சன்னற் கண்ணாடி உடைந்து, அவ்வழியே மழை புகுந்து மெத்தைகள் நனைந்தன என்க. இழப்புக்கு நேர்க்காரணம் புயல்; நட்டஈடு கேட்கலாம். நீங்கள் சன்னலைத் திறந்துவிட்டு ஊருக்குப் போயிருந்தபோது மழை புகுந்தது என்க. அது கவனக்குறைவு எனப்படும். நெடுநாளாக ஒழுகிக்கொண்டிருந்த மேற்றளத்தின் வழியே நீர் வடிந்தது என்க. அது பராமரிப்பின்மை எனப்படும். புயலின்மேற் பழி போட இயலாது. தெருவெள்ளம் படியேறித் தரைமாடியுட் புகுந்தது என்க. அது வெள்ளம், பத்திரத்தில் அச்சொல் இருந்தாலன்றி நட்டஈடு இல்லை. நான்கு வீடுகளிலும் நனைந்தது மெத்தைதான். ஆனால் நான்கு விடைகள்.

பெரிய நாடுகளிலும் இவ்வழக்கு நடந்ததுண்டு. 2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் அமெரிக்காவின் தென்கரையைக் கத்ரீனா சூறாவளி தாக்கியது. நியூ ஓர்லியன்ஸ் நகரின் அணைகள் உடைந்து, நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. அந்நாட்டின் வழக்கமான வீட்டுப் பத்திரங்கள் காற்றை ஏற்கும், வெள்ளத்தை ஏற்கா. வெள்ளத்துக்கு 1968ஆம் ஆண்டிலிருந்து அரசாங்கத்தின் தனித் திட்டம் உண்டு. அதனை வாங்காதிருந்தோர் பலர். அயல் மாநிலமான மிசிசிப்பியின் கரையோரத்தில் அத்திவாரம் மட்டுமே எஞ்சி நின்ற வீடுகளைப் பற்றி, கொண்டுபோனது காற்றா, கடலா என்று நீதிமன்றங்களில் நெடுங்காலம் வாதம் நடந்தது. வீட்டை இழந்தவர்கள் அதன்மேல் வழக்காடவும் வேண்டியதாயிற்று.

இரண்டாவது கேள்வி, எவ்வளவு தொகைக்குக் காப்புறுதி செய்வது என்பது. கட்டணம் குறையட்டும் என்று தொகையைக் குறைத்துச் சொல்வோர் உளர். இதனால் வரும் கேட்டை ஓர் உதாரணத்தாற் காட்டுகிறேன். உங்கள் பொருள்களின் உண்மைப் பெறுமதி 20 இலட்சம் ரூபா. நீங்கள் 10 இலட்சத்துக்கு மட்டும் காப்புறுதி செய்கிறீர்கள். புயலில் 4 இலட்சம் ரூபா இழப்பு நேர்கிறது. “4 இலட்சம், 10 இலட்சத்துக்குள் அடங்குகிறதே, முழுதும் கிடைக்கும்” என்று எண்ணுவீர்கள். கிடைப்பது 2 இலட்சமே. பாதிப் பெறுமதிக்கே காப்புறுதி செய்தமையால், மற்றப் பாதிக்கு நீங்களே காப்புறுதியாளர் என்று கொண்டு, ஒவ்வோர் இழப்பிலும் பாதியை உங்கள் தலையிலேயே வைப்பர். சராசரி விதி என்று பெயர்பெற்ற நிபந்தனை இதுவே. உங்கள் பத்திரத்தில் அது இருக்கிறதா என்று கேட்டறியுங்கள்.

மூன்றாவது, பெறுமதியைக் கணிக்கும் முறை. தேய்மானத்தைக் கழித்துப் பழைய பொருளின் பெறுமதியைத் தரும் பத்திரம் ஒரு வகை. பழையதுக்குப் புதியது வாங்கும் விலையைத் தரும் பத்திரம் மற்றொரு வகை. இன்று 2 இலட்சம் ரூபா விலையுள்ள குளிர்சாதனப் பெட்டி பாதி தேய்ந்ததென்று கொள்ளப்பட்டால், முதல் வகையிற் கிடைப்பது ஓர் இலட்சம். மீதியை நீங்கள் எங்கிருந்தேனும் தேட வேண்டும். இரண்டாம் வகைக்குக் கட்டணம் சற்றுக் கூடும்.

எவ்வகையாயினும், ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது தொகையை மீண்டும் கணித்தல் இன்றியமையாதது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஒன்றுக்குச் சுமார் 200 ரூபா கொடுத்தோம். அவ்வாண்டு மே மாதத்தில் சுமார் 360 ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று. இறக்குமதிப் பொருள்களின் விலை அதற்கேற்ப ஏறியது. முன்னைய ஆண்டில் நேர்மையாகக் கணித்தெழுதிய தொகையும் ஒரே ஆண்டில் குறைந்த தொகையாகி, முற்கூறிய விதியின் வாயில் விழக்கூடிய நிலை அது.

நான்காவது, ஒவ்வோர் இழப்பிலும் முதலில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை. 25,000 ரூபா என்று அது குறிக்கப்பட்டிருந்தால், 20,000 ரூபா இழப்புக்கு ஒன்றும் கிடையாது. ஓர் இலட்ச ரூபா இழப்புக்கு 75,000 ரூபா கிடைக்கும். இயற்கை அனர்த்தங்களுக்கு இத்தொகை ஏனைய இழப்புகளுக்குரியதிலும் கூடுதலாக இருத்தல் உண்டு. கட்டணம் மலிவாகத் தோன்றும் பத்திரத்தில் இதனைத் தேடிப் பாருங்கள். ஒரு மெத்தையின் இழப்பைச் சம்பளத்திலிருந்து தாங்கலாம். வீடு முழுவதின் இழப்பைத் தாங்க இயலாது. ஆதலால், சிறு இழப்பைத் தாமே ஏற்றுப் பேரிழப்புக்குக் காப்புத் தேடுவதே அறிவுடைமை.

ஐந்தாவது, பொருள்களுக்கு அப்பாற்பட்ட இரு பிரிவுகள். வீடு குடியிருக்க இயலாதவாறு சேதமுற்றால், வேறிடத்தில் வாடகைக்கு இருக்கும் செலவைத் தரும் பிரிவு ஒன்று. உங்கள் வீட்டிலிருந்து நீர் கசிந்து கீழ்மாடியிலுள்ள அயலவரின் பொருளுக்குச் சேதம் நேர்ந்தால், அப்பொறுப்பை ஏற்கும் பிரிவு மற்றொன்று. தொடர்மாடியில் இருப்போர் இவ்விரண்டையும் கேட்டு வாங்குதல் நன்று.

பத்திரம் ஏற்காதவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும். ரொக்கப் பணத்துக்குப் பொறுப்பு இல்லை, அல்லது மிகச் சிறு தொகைக்கே உண்டு. நகைகளுக்கு எல்லை விதிக்கப்படும். பெறுமதி வாய்ந்தவற்றைத் தனித்தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். மோட்டார் வாகனத்துக்குத் தனிப் பத்திரம். பாடசாலையொன்றை நடத்துபவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்வேன். ஒவ்வொரு வெள்ளத்தின் பின்னரும், நனைந்து கிழிந்த விடுகைப் பத்திரங்களுக்குப் பிரதி கேட்டுப் பெற்றோர் அலுவலக வாயிலில் வந்து நிற்பர். பரீட்சைச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி ஆகியவற்றைப் பணத்தால் ஈடுசெய்யும் காப்புறுதி இல்லை. அவற்றை நீர்புகா உறையிலிட்டு உயரமான இடத்தில் வையுங்கள். படமெடுத்துப் பிரதியொன்றை வேறூரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். காப்புறுதிப் பத்திரத்தையும் அவ்வாறே செய்யுங்கள்.

பத்திரம் பெறும்போது நீங்கள் செய்ய வேண்டிய கடமை ஒன்றுண்டு. காப்புறுதி, முழு நம்பிக்கையின்மேல் எழும் உடன்படிக்கை. நீங்கள் இருப்பது தரைமாடி என்பதையும், முன்னர் ஒருமுறை அங்கு வெள்ளம் புகுந்தது என்பதையும், வீட்டிலேயே சிறு தையற்றொழில் நடத்துகிறீர்கள் என்பதையும் மறையாது எழுதிக் கொடுங்கள். உண்மை சொன்னாற் கட்டணம் சற்று ஏறலாம். மறைத்தால், இழப்பு நேர்ந்த நாளில் பத்திரமே செல்லாததாகலாம். முகவர் வாயாற் சொல்வது எதுவாயினும், எழுத்தில் இருப்பதே நிலைக்கும். உங்களுக்கு விளங்கும் மொழியில் விளக்கம் கேட்டுப் பெறத் தயங்காதீர்கள். நிறுவனம் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிற் பதிவு பெற்றதா என்று பார்ப்பதும், பின்னர் தகராறு எழுந்தால் அவ்வாணைக்குழுவிடமோ காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமோ முறையிடலாம் என்று அறிந்திருப்பதும் பயன் தரும்.

எப்போது வாங்குவது? நம் நாட்டின் கிழக்கையும் வடக்கையும் நோக்கிச் சூறாவளிகள் பெரிதும் வருவது நவம்பர், டிசம்பர் மாதங்களில். மன்னாரையும் தனுஷ்கோடியையும் தாக்கிய 1964ஆம் ஆண்டுச் சூறாவளி டிசம்பரில் வந்தது. 2020இல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்த புரெவியும் டிசம்பரில் வந்ததே. வானொலியில் எச்சரிக்கை கேட்டபின் முகவரைத் தேடி ஓடுவது, வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதற்கு ஒப்பாகும். மேற்கூறிய அமெரிக்க வெள்ளத் திட்டத்தில், பணம் கட்டி 30 நாள் கழிந்த பின்னரே காப்புத் தொடங்குவது பொது விதி. கடைசி நேரத்தில் வருவோரை அஞ்சியே இவ்விதி செய்யப்பட்டது. ஐப்பசி பிறக்குமுன் காரியத்தை முடித்தல் நமக்கு ஏற்றது.

இழப்பு நேர்ந்துவிட்டால், தாமதமின்றி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். நனைந்த பொருள்களை மதிப்பீட்டாளர் பார்க்குமுன் வீசிவிடாதீர்கள். சுகாதாரத்துக்காக அகற்ற வேண்டியிருந்தால், முதலிற் படமெடுத்து வையுங்கள். சுவரில் நீர் ஏறி நின்ற அடையாளத்தையும் உடைந்த சன்னலையும் படமெடுத்தல் மிக முக்கியம். வந்தது காற்றா வெள்ளமா என்ற கேள்விக்கு அவையே சாட்சி. எஞ்சியவற்றைக் காப்பாற்ற இயன்றதைச் செய்தலும் உங்கள் கடமையே.

“மாதச் செலவுக்கே போதாத சம்பளத்தில் இதற்கும் பணம் கட்டுவதா?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. மேல்மாடியில், சில பெட்டிகளுடனும் ஒரு கட்டிலுடனும் தனியே வாழும் இளைஞருக்கு இக்காப்புறுதி அவசரத் தேவையன்று. குடும்பமும் தளபாடமும் உடையவருக்கு, தரைமாடியில் இருப்பவருக்கு, வங்கிக் கடனிற் பொருள் வாங்கியிருப்பவருக்கு இது தேவை. பொருள் போன பின்னும் கடன் போகாது. அரசாங்கமும் 2016ஆம் ஆண்டில், தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் வாயிலாக, மக்கள் கட்டணம் செலுத்தாமலே அனர்த்த நட்டஈடு பெறும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. அத்தகைய உதவி வரும்போது பெற்றுக்கொள்ளலாம். ஆனால், நாடே பாதிக்கப்படும் வேளையில் அவ்வுதவி எவ்வளவு, எப்போது என்பது உங்கள் கையில் இல்லை. நீங்கள் பெற்ற பத்திரமோ உங்கள் கையில் உள்ளது.

ஆகவே, நேயர்களே, இவ்வார ஓய்வுநாளில் முற்கூறிய பொருட்பட்டியலை எழுதி முடியுங்கள். பின்னர் இரண்டு மூன்று நிறுவனங்களிடம் சென்று, வீட்டுப் பொருளுக்கு மட்டும் பத்திரம் உண்டா, வெள்ளமும் மண்சரிவும் பெயர் சொல்லி எழுதப்படுமா, புதிய விலை தருவீர்களா, முதலில் நான் ஏற்க வேண்டிய தொகை யாது என்று கேளுங்கள். விடைகளைப் பக்கத்துப் பக்கத்தில் எழுதி ஒப்பிட்ட பின்னரே கட்டணத்தைப் பாருங்கள். ஏற்கெனவே பத்திரம் உடையோர், இன்றிரவே அதனை எடுத்து ‘வெள்ளம்’ என்ற சொல் அதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.